மூன்றெழுத்தில் கடைசி எழுத்து

(கணித மேதை எவ்கேனி லாண்டிஸ் வாழ்க்கை வரலாறு: 1921 - 1997)

கணினிப் பொறியியல் துறை, இறுதியாண்டு மாணவி

 

தமிழ்நாட்டில் மூன்றெழுத்துக்கு எப்பவுமே ஒரு தனி மவுசு உண்டு. கட்சி என்றாலும் மூன்றெழுத்து, தலைவர் என்றாலும் மூன்றெழுத்து! நம்ம கம்ப்யூட்டர் டிபார்ட்மென்டிலும் ஒரு மூன்றெழுத்து இருக்கிறது. டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் வரும் ஏ.வி.எல். ட்ரீ. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஹாஸ்டல் முழுக்க அதைத்தான் உருப்போடும். நாலு ரொட்டேஷன், நாலு படம், முழு மார்க்! ஆனால் அந்த ஏ யார், வி யார், எல் யார் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஏதோ கம்பெனி பெயர் என்று நினைப்பவர்களும் நம்மில் உண்டு.

முதல் இரண்டு எழுத்தும் ஒரே மனிதருக்குச் சொந்தம். அவர் பெயர் கியார்கி அடெல்சன்-வெல்ஸ்கி. மிச்சமிருக்கும் அந்தக் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரர் எவ்கேனி மிகைலோவிச் லாண்டிஸ். நாம் யாரும் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோனவர். ஆனால் இன்றைக்கும் உலகம் பூராவும் சாஃப்ட்வேர் இன்டர்வியூ நடக்கிற அறைகளில் அவருடைய எழுத்து உச்சரிக்கப்படுகிறது. அவர் வாழ்க்கையில் நம்மைப் போன்ற பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் நிறைய இருப்பதால்தான் இந்த ஆண்டு மலரில் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில் பட்டாளம்

1921-ம் ஆண்டு அக்டோபர் 6-ம் தேதி, இன்றைய உக்ரைன் நாட்டிலுள்ள கார்கிவ் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார் லாண்டிஸ். அப்போது அது சோவியத் ஆட்சியில் இருந்த ஊர். வளர்ந்து, 1939-ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். அந்த அக்டோபரில் அவருக்கு வயது பதினெட்டு. ஆம் தோழர்களே, இதை எழுதும் எனக்கும் இன்று அதே வயதுதான்!

ஆனால் அவருக்குக் கிடைத்த பதினெட்டு வயது வேறு மாதிரி. வகுப்பு ஆரம்பித்த சில மாதங்களிலேயே பட்டாளத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. 1939 நவம்பர் 30-ம் தேதி சோவியத்துக்கும் பின்லாந்துக்கும் போர் மூண்டது. கடும் பனியில் நடந்த அந்தப் போருக்கு லாண்டிஸ் போனார். 1940 மார்ச்சில் அது முடிந்தது. சரி, இனிமேல் படிக்கலாம் என்றால் முடிந்ததா? 1941 ஜூன் 22-ம் தேதி ஜெர்மனி படையெடுத்து வந்தது. இரண்டாம் உலகப் போர் முடியும் வரை அவர் ராணுவத்திலேயே இருந்தார்.

மறுபடி வகுப்பறைக்குள் அவர் கால் வைத்தது 1945-ல்! கூடவே சேர்ந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவே இல்லை. ஆறு வருஷம் போயிருந்தது. ஒரு வருஷம் டிஸ்கன்டினியூ ஆனாலே நம் வீடுகளில் என்ன பேச்சு பேசுவார்கள்! இனிமே இதுக்குப் படிப்பு ஏறாது, ஏதாவது வேலைக்கு அனுப்பிடலாம் என்பார்கள். லாண்டிஸ் இருபத்து நாலாவது வயதில், விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.

கண்டுபிடித்ததையே மறுபடி கண்டுபிடித்தவர்

மாஸ்கோவில் அவருக்கு வழிகாட்டியாகக் கிடைத்தவர் அலெக்சாண்டர் க்ரோன்ராட். அவரும் 1921-ல் பிறந்தவர்தான். அவரும் போருக்குப் போய்க் காயம்பட்டுத் திரும்பியவர்தான். ஒரே வயதுள்ளவரை ஆசானாக ஏற்றுக்கொள்ள எல்லோருக்கும் மனசு வராது. லாண்டிஸுக்கு வந்தது.

1946-ல் இருவரும் சேர்ந்து கணிதத்தில் ஒரு முக்கியமான உண்மையை நிறுவினார்கள். ஆனால் வேடிக்கை என்ன தெரியுமா? அதே உண்மையை 1942-லேயே அமெரிக்காவில் ஆர்தர் சார்ட் என்பவர் நிறுவிவிட்டார். அந்தச் செய்தி சோவியத் நாட்டுக்கு வந்து சேரவில்லை. இவர்களாகவே யோசித்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பெயர் சார்டுக்குப் போனது. உழைப்பு இவர்களோடு நின்றது.

வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வருகிற நமக்கு இது ரொம்பப் பழகிய கதை. மற்றவர்களுக்கு அண்ணனோ மாமாவோ ஒரே வார்த்தையில் சொல்லிக் கொடுக்கிற விஷயத்தை நாம் முட்டி மோதி ஒரு மாசம் கழித்துக் கண்டுபிடிப்போம். ஆனால் அப்படிக் கண்டுபிடித்தது மறக்கவே மறக்காது. லாண்டிஸுக்கும் அந்த உழைப்பு வீண் போகவில்லை.

பெரிய இடத்துப் பெரிய கணக்கு

பிறகு அவருக்கு ஆசானாக அமைந்தவர் இவான் பெத்ரோவ்ஸ்கி. 1951 முதல் 1973 வரை மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். இருவரும் கை வைத்தது சாதாரணக் கணக்கில் அல்ல. 1900-ம் ஆண்டு ஜெர்மானிய மேதை ஹில்பர்ட் இருபதாம் நூற்றாண்டுக்கென்று 23 கணக்குகளை விட்டுச் சென்றார். அவற்றில் 16-வது கணக்கின் இரண்டாம் பாதி அது.

எளிமையாகச் சொல்கிறேன். சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைக் கொஞ்சம் வேகமாகத் தள்ளினாலும் சரி, மெதுவாகத் தள்ளினாலும் சரி, சற்று நேரத்தில் அது தன் வழக்கமான ஆட்டத்துக்கே வந்துவிடும். அப்படித் தானாக வந்து சேரும் சுற்றுப்பாதை ஒரு சமன்பாட்டுக்கு அதிகபட்சம் எத்தனை இருக்க முடியும்? இதுதான் கேள்வி. 1955-ல் இருவரும் விடை வெளியிட்டார்கள். இரண்டாம் படிச் சமன்பாடுகளுக்கு மூன்றுக்கு மேல் இருக்காது என்பது விடை. 1957-ல் அடுத்த கட்டுரையும் வந்தது. கணித உலகம் வியந்தது. லாண்டிஸுக்கு அப்போது வயது நாற்பதைக்கூடத் தொடவில்லை.

இந்தக் கதையின் மீதியைச் சற்றுப் பிறகு சொல்கிறேன். ஏனென்றால் நடுவில் ஒரு சின்ன வேலை நடந்தது. நான்கே பக்கம்!

மொய் நோட்டும் மரமும்

எங்க அக்கா கல்யாணத்தில் எழுதின மொய் நோட்டு வீட்டு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. சொந்தத்தில் ஒரு பத்திரிகை வந்துவிட்டால், அவங்க நமக்கு எவ்வளவு செய்தாங்க என்று பார்க்க அம்மா அதை என் கையில்தான் கொடுப்பார். அம்மாவுக்கு வாசிக்க வராது. சுமார் அறுநூறு பெயர். வந்தவர் வந்த வரிசையில் எழுதியது. ஒரு பெயரைத் தேட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை விரலை ஓட்ட வேண்டும்.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடுதான். அதற்காகத்தான் பைனரி சர்ச் ட்ரீ வந்தது. 1960 வாக்கில் விண்ட்லி, பூத், காலின் போன்றவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். உச்சியில் ஒரு பெயர். அதைவிடச் சின்னது இடப்பக்கம், பெரியது வலப்பக்கம். ஒவ்வொரு படியிலும் பாதியைத் தள்ளிவிட்டுப் போகலாம். அறுநூறு பெயரில் பத்தே படியில் ஆளைப் பிடித்துவிடலாம்.

ஆனால் இதில் ஒரு பெரிய ஓட்டை. நம்ம வகுப்பு ரெஜிஸ்டர் நம்பரை வரிசையாக ஒவ்வொன்றாக அந்த மரத்தில் போட்டுப் பாருங்கள். எல்லாமே வலப்பக்கமாகவே போய், கிளையே இல்லாத பனைமரம் மாதிரி நின்றுவிடும்! அறுநூறு பேர் என்றால் அறுநூறு படி. மறுபடியும் மொய் நோட்டு கதைதான்.

அன்றைய கம்ப்யூட்டர்களின் நிலைமையையும் நினைத்துப் பாருங்கள். சோவியத் நாட்டில் அப்போது பெருமையாகப் பேசப்பட்ட எம்-20 என்ற இயந்திரத்தின் நினைவகம் வெறும் 4096 சொற்கள்! வேகம் வினாடிக்குச் சுமார் 20,000 செயல்கள். இன்று நம் பையிலிருக்கும் சாதாரண போன் அதைவிடப் பல லட்சம் மடங்கு பெரியது. அந்தக் காலத்தில் ஒரு படி வீணானாலும் வீண்தான்.

1962-ல் லாண்டிஸும் அடெல்சன்-வெல்ஸ்கியும் சோவியத் அறிவியல் கழகத்தின் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தகவலை ஒழுங்குபடுத்த ஒரு வழிமுறை என்பது தலைப்பின் பொருள். 263-ம் பக்கத்தில் தொடங்கி 266-ம் பக்கத்தில் முடிந்துவிட்டது. இருவருக்குமே அப்போது வயது நாற்பது.

அவர்கள் சொன்னது இதுதான். மரத்தின் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும், இடப்பக்கக் கிளையின் உயரத்துக்கும் வலப்பக்கக் கிளையின் உயரத்துக்கும் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. தராசு முள் கொஞ்சம் சாயலாம், ஆனால் ஒரு கோட்டுக்கு மேல் சாயக் கூடாது. புதிதாக ஒன்றைச் சேர்த்ததும் முள் அந்தக் கோட்டைத் தாண்டினால் அப்போதே, அந்த இடத்திலேயே ஒரு திருப்பு திருப்பிச் சரி செய்துவிட வேண்டும்.

10, 20, 30 என்று வரிசையாகப் போட்டால் மரம் வலப்பக்கம் சாயும். 20-ஐ உச்சிக்குத் தூக்கிவிட்டால் 10 இடப்பக்கம், 30 வலப்பக்கம். தீர்ந்தது! அதுவே 10, 30, 20 என்று வந்தால் ஒரு திருப்பு போதாது, இரண்டு வேண்டும். ஆனால் முடிவில் உச்சிக்கு வருவது அதே 20-தான். நாம் பயந்து பயந்து மனப்பாடம் செய்கிற எல்.எல்., ஆர்.ஆர்., எல்.ஆர்., ஆர்.எல். எல்லாம் இவ்வளவுதான். நடுவில் உள்ளவனை மேலே தூக்கு, மற்ற இருவரும் இரு பக்கமும் நிற்கட்டும்!

இந்தச் சின்ன விதியின் பலன் என்ன தெரியுமா? எப்படிப்பட்ட வரிசையில் பெயர்கள் வந்தாலும், அறுநூறு பேர் உள்ள மரம் 12 படியைத் தாண்டாது. பத்து லட்சம் பேர் இருந்தாலும் 28 படியைத் தாண்டாது. ஒவ்வொரு கணுவிலும் இதற்காகக் கூடுதலாக வைக்க வேண்டியது இரண்டே பிட்! புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது மரம் முழுவதையும் கலைத்து அடுக்கத் தேவையில்லை. ஓரிடத்தில் திருப்பினால் போதும்.

தானே தன்னைச் சமப்படுத்திக்கொள்ளும் மரம் என்று உலகில் முதன்முதலாக வந்தது இதுதான் என்பது குறிப்பிடத்தக்கது. அந்தக் கட்டுரையை உடனே ஆங்கிலத்தில் பெயர்த்தார்கள். 1965-ல் அமெரிக்காவில் பாஸ்டர் என்பவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே ஏ.வி.எல். என்ற மூன்றெழுத்து ஏறிவிட்டது.

நண்பரின் வழி

அடெல்சன்-வெல்ஸ்கியையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1922 ஜனவரி 8-ம் தேதி சமாரா நகரில் பிறந்தவர். க்ரோன்ராடின் ஆய்வுக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்த குழுவில் முக்கியமானவர். 1966-67-ல் அவர்களுடைய புரோகிராம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு புரோகிராமோடு தந்தி மூலம் ஆடி 3-க்கு 1 என்று ஜெயித்தது. அதன் வாரிசான கைஸ்ஸா என்ற புரோகிராம் 1974-ல் ஸ்டாக்ஹோமில் நடந்த முதல் உலகக் கம்ப்யூட்டர் சதுரங்கப் போட்டியில் சாம்பியன் ஆனது. 1968-ல் ஒரு கணித அறிஞரைக் காப்பாற்றக் கோரிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டதற்காக க்ரோன்ராட் தன் ஆய்வுக்கூடத்தையே இழந்தார். அடெல்சன்-வெல்ஸ்கி 1992-ல் இஸ்ரேலுக்குப் போய், 2014-ல் தனது 92-வது வயதில் காலமானார்.

லாண்டிஸ் கம்ப்யூட்டர் பக்கம் தொடர்ந்து போகவில்லை. கடைசிவரை கணித ஆசிரியராகவே இருந்தார். ஆசானாகவும் நண்பராகவும் இருந்த க்ரோன்ராடைப் பற்றி, யாக்லோம் என்ற கணித அறிஞரோடு சேர்ந்து நினைவுக் கட்டுரையும் எழுதி வைத்தார்.

சாய்ந்த கோபுரம்

இப்போது அந்தப் பெரிய கணக்கின் மீதிக் கதை. 1960-களின் தொடக்கத்தில், ஹில்பர்ட்டின் கணக்குக்கு பெத்ரோவ்ஸ்கியும் லாண்டிஸும் கொடுத்த விடையில் ஒரு படி தவறு என்று கண்டுபிடிக்கப்பட்டது. அஸ்திவாரத்தில் விரிசல்! உலகமே கைதட்டிய வேலை.

ஒருவர் பல்கலைக்கழகத்தின் தலைவர். இன்னொருவர் பெயர் பெற்ற பேராசிரியர். மூடி மறைக்க நினைத்தால் எவ்வளவோ வழி இருந்திருக்கும். 1967-ல் இருவரும் கட்டுரை வந்த அதே இதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதி, நிரூபணம் நிற்காது என்று அச்சிலேயே ஒப்புக்கொண்டார்கள். ஒரே ஒரு பக்கம். பிறகு 1979-80-ல் சீனக் கணித அறிஞர்கள் நான்கு சுற்றுப்பாதைகள் உள்ள உதாரணத்தையே எடுத்துக் காட்டினார்கள். மூன்று என்ற விடையும் போயிற்று. சரியான விடை எது என்று இன்று வரைக்கும் யாராலும் முடிவு கட்ட முடியவில்லை.

ஆனால் அந்தத் தோல்வியும் வீண் இல்லை. அவர்கள் போட்ட பாதையில் பிறகு பலர் நடந்தார்கள். லாண்டிஸின் மாணவர் யூலி இல்யஷென்கோ வாழ்நாளெல்லாம் அந்தத் துறையிலேயே உழைத்தார். பிரெஞ்சுக்காரர் துலாக் 1923-ல் எழுதிய, அறுபது வருஷமாக எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஒரு நிரூபணத்தில் ஓட்டை இருப்பதை 1981-ல் கண்டுபிடித்தவர் அவர்தான். தன் தவறை மறைக்காத ஆசானிடம் படித்த பிள்ளைக்கு மற்றவர் தவறும் கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது!

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. பல வருட உழைப்பில் எழுந்த பெரிய கோபுரம் சாய்ந்தது. நாலு பக்கத்தில் நட்ட சின்ன மரம் இன்றும் நிற்கிறது. எது நிற்கும், எது சாயும் என்று செய்கிறவனுக்கே தெரியாது. நேர்மையாகச் செய்வது மட்டும்தான் நம் கையில்.

இன்டர்வியூ அறையில் லாண்டிஸ்

சரி, அறுபது வருஷத்துக்கு முந்தின இந்த மரம் நமக்கு எதற்கு? பாஸ் பண்ணினால் போதாதா?

நம்ம கல்லூரியில் டிப்ளமோ முடித்து, லேட்டரல் என்ட்ரியில் பி.இ. படித்து, பத்து வருஷத்துக்கு மேலாக சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் ஒரு அண்ணன் பேரவைக் கூட்டத்துக்கு வந்திருந்தார். இப்போது அவர் சீனியர் டெவலப்பர்களைத் தேர்வு செய்யும் குழுவில் உட்காருகிறார். பெரிய அனுபவஸ்தர்களிடம்கூடச் சமநிலை மரங்களைப் பற்றி ஒரு பேச்சு வருமாம். எங்களுக்கு ஆச்சரியம். அத்தனை வருஷ அனுபவம் உள்ளவரிடமும் ரொட்டேஷன் படமா போடச் சொல்வார்கள்?

இல்லையாம். வேலையில் யாரும் ஏ.வி.எல். ட்ரீயைக் கையால் எழுதுவதில்லை, எல்லாம் லைப்ரரியிலேயே வந்துவிடுகிறது என்றார். கேள்வி வேறு. எதை எங்கே வைப்பாய், ஏன் வைப்பாய் என்பதுதான். அவர் விளக்கியதை என் நோட்டில் குறித்தபடி, பாடப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து எழுதுகிறேன்.

தேடுவது அதிகம், சேர்ப்பதும் நீக்குவதும் குறைவு என்றால் ஏ.வி.எல். நல்லது. ஏனென்றால் அதன் உயரம் குறைவு. சேர்ப்பதும் நீக்குவதும் ஓயாமல் நடந்தால் ரெட்-பிளாக் ட்ரீ கை கொடுக்கும். அது 1972-ல் ருடால்ஃப் பேயர் போட்ட விதையில் முளைத்து, 1978-ல் கைபாஸ், செட்ஜ்விக் இருவராலும் அந்தப் பெயர் பெற்றது. அதில் பத்து லட்சம் பேர் இருந்தால் உயரம் 37 வரை போகலாம். ஏ.வி.எல். 28-க்குள் நிற்கும். ஆனால் ஒன்றை நீக்கும்போது ஏ.வி.எல்.லில் அடியிலிருந்து உச்சி வரை படிக்குப் படி திருப்ப வேண்டி வரலாம். ரெட்-பிளாக்கில் மூன்று திருப்போடு முடிந்துவிடும். ஜாவா மொழியின் ட்ரீமேப், லினக்ஸ் கெர்னல் இரண்டும் ரெட்-பிளாக்கை வைத்திருக்கின்றன. சோலாரிஸில் பிறந்த இசட்.எஃப்.எஸ். என்ற ஃபைல் சிஸ்டம் ஏ.வி.எல்.லை வைத்திருக்கிறது. இரண்டும் சரிதான். தேவை வேறு, தேர்வு வேறு!

தகவல் டிஸ்கில் இருந்தால் இரண்டுமே வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் டிஸ்கைத் தட்டினால் நேரம் போய்விடும். அங்கே பி-ட்ரீ வேண்டும். பேயரும் மெக்ரைட்டும் போயிங் நிறுவனத்தில் இருந்தபோது உருவாக்கியது. ஒரு கணுவிலேயே 500 சாவிகளை வைத்தால் மூன்றே மட்டத்தில் சுமார் 12.5 கோடி சாவிகள் அடங்கிவிடும். டேட்டாபேஸ்கள் அதைத்தான் நம்பியிருக்கின்றன.

வரிசையே தேவையில்லை, பெயரைச் சொன்னதும் ஆள் வந்தால் போதும் என்றால் ஹாஷ் டேபிள் போதுமே, மரம் எதற்கு? ஆனால் இந்த நம்பரிலிருந்து அந்த நம்பர் வரை எல்லாவற்றையும் கொடு என்று கேட்டால் ஹாஷ் டேபிள் முழிக்கும். மரம் சிரித்துக்கொண்டே கொடுக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு அந்த அண்ணன் ஒன்று சொன்னார். என் மனசில் தைத்தது அதுதான். படபடவென்று எல்லாவற்றையும் ஒப்பிப்பவர்கள் அடுத்து ஏன் என்று கேட்டால் நின்றுவிடுகிறார்களாம். நிதானமாக, இது இந்த அளவுக்கு வேலை செய்யும், இதற்கு மேல் செய்யாது, இந்த இடம் எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி யோசிப்பேன் என்பவரைத்தான் குழு விரும்புமாம். சீனியர் என்பதற்கு அடையாளம் தன் விடையின் எல்லை தெரிந்திருப்பது என்றார்.

எனக்கு உடனே லாண்டிஸின் அந்த ஒரு பக்கக் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

நம்மில் பாதிப் பேர் முதல் தலைமுறை. எங்க அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். இன்டர்வியூவுக்கு எப்படி உட்காரணும், எப்படிப் பேசணும் என்று சொல்லித்தர எங்க வீட்டில் ஆள் கிடையாது. உங்களில் பலர் வீட்டிலும் அப்படித்தான். இங்கிலீஷ் தடுமாறும், டை கட்டினால் கழுத்து இறுக்கும். அதையெல்லாம் ஒரு மாசத்தில் மாற்ற முடியாது. ஆனால் பத்து லட்சம் பெயருக்கு ஏன் 28 படி போதும் என்பதைக் காகிதத்தில் போட்டுக் காட்ட, யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியே வராது! அது புரிந்தவருக்கு வரும், புரியாதவருக்கு வராது. பணம் கட்டி வாங்க முடியாத சரக்கு அது. கோச்சிங் இல்லாத நமக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது?

கடைசிக் காலம்

லாண்டிஸ் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு பேராசிரியராக இருந்தார். வெப்பம் பரவுவது போன்ற இயற்கை நிகழ்ச்சிகளை விவரிக்கும் வகைக்கெழுச் சமன்பாடுகள்தான் அவருடைய சொந்தத் துறை. அதைப் பற்றி 1971-ல் அவர் எழுதிய நூல் 1998-ல் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் மூலம் ஆங்கிலத்தில் வந்தது. அதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. 1997 டிசம்பர் 12-ம் தேதி மாஸ்கோவிலேயே அவர் காலமானார். அவருக்கு வயது 76.

சமன்பாடுகளின் விடைகள் எவ்வளவு வேகமாகத் தேய்ந்து மறையலாம் என்று அவர் எழுப்பிய ஒரு கேள்வி, லாண்டிஸ் யூகம் என்ற பெயரில் இன்றும் கணித அறிஞர்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. கணிதக்காரர்களுக்கு அவர் அந்தக் கேள்வியின் சொந்தக்காரர். நமக்கு அவர் மூன்றெழுத்தில் கடைசி எழுத்து.

நண்பர்களே! அடுத்த முறை டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் புத்தகத்தில் அந்தப் பக்கம் வரும்போது, படத்தை மட்டும் பார்த்துக் காப்பி அடிக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். உங்கள் வகுப்பு ரெஜிஸ்டர் நம்பரில் கடைசி இரண்டு இலக்கத்தை வரிசையாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். மரம் எங்கே சாய்கிறது, எங்கே திருப்ப வேண்டும் என்று நீங்களே பாருங்கள். பத்தாவது நம்பர் வருவதற்குள் புத்தகம் தேவைப்படாது. அதை உங்கள் பக்கத்து பெஞ்சுக்காரருக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லிக் கொடுக்கும்போது அவர் ஏன் என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அதுதான் இன்டர்வியூ!

படிப்போம்! புரிந்து படிப்போம்! நமக்குப் பின்னால் வரும் தம்பி தங்கைகளுக்கு வழி சொல்ல ஒரு அண்ணனாக, ஒரு அக்காவாக நாம் இருப்போம்!